மேக்னெட் பக்கத்துக் கசிவு

ரூபினி இடது கால் சப்பாத்தைக் கழற்றிப் பட்டறை மேசைமேல் வைத்தாள். கோபத்தில் வைக்கவில்லை, காட்டத்தான் வைத்தாள். ஆனாலும் திருநாவுக்கரசுக்குத் தன் முகத்துக்கு நேரே வைத்ததுபோல் இருந்தது. பத்து காவான் வட்டாரத் தொழிற்சாலையில் போட்டுக்கொள்ளும் வெள்ளைச் சப்பாத்து அது. உள்பக்கம் முழுக்கக் கருப்பு ஆயில் ஊறிப் போயிருந்தது.

“அண்ணே, திரும்ப ஒழுகுதுலா. கடல் பாலத்துல பின் டயர் வழுக்கி ஒரு ஆட்டு ஆட்டுச்சு. பக்கத்துல பெரிய லோரி. இருக்கிற சாமி எல்லாத்தையும் கூப்பிட்டுட்டேன்.”

ஜாலான் பேராக் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் இருக்கிறது அந்தக் கடை. திருநாவுக்கரசும் ஜபருல்லாவும் கூட்டாக நடத்துவது. இளவட்டமாக இருந்தபோது ஒரு சீனர் கடையில் இருவரும் ஒன்றாக ஸ்பேனர் பிடித்தவர்கள். இப்போது திருநாவுக்கரசு என்கிற அரசுக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஜபருல்லா பாய் அவருக்கு மூத்தவர். பாகப்பிரிவினையைத் தொடக்கத்திலேயே செய்துவிட்டார்கள். வயரிங், கார்ப்புரேட்டர், காற்று வடிகட்டி, பிரேக் எல்லாம் அரசு. இஞ்சின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் பாய்.

எழுதாத சட்டம் ஒன்றும் கடையில் உண்டு. ஒருவர் வேலை முடித்து மூடியதை இன்னொருவர் திறந்து பார்ப்பதில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார்கள். மரியாதை என்று இருவரும் நினைத்தார்கள். பாதி மரியாதை, மீதி ரோஷம்.

ரூபினியுடையது சாதாரணக் கப்சாய் வண்டி, சின்ன மோட்டார் சைக்கிள். இடது பக்கம் மேக்னெட் சக்கரம் சுற்றுகிற இடத்தில், கிராங்க் தண்டு இஞ்சினை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும் வாயில், ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதுதான் ஆயில் சீல். தண்டைச் சுற்றவிட்டு, ஆயிலை மட்டும் வெளியே விடாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாளில் அங்கே கசிவு தொடங்கியது. பாய் சீலை மாற்றினார். கசிந்தது. இன்னொன்று போட்டார். இதோ, அதுவும் சப்பாத்தை நனைத்துவிட்டது.

ஜபருல்லா உள்ளேயிருந்து வந்து குனிந்து மேக்னெட் மூடியின் அடியில் விரலை வைத்துப் பார்த்தார். விரல் நனைந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, விரலைத் தூரத்தில் நீட்டிப் பார்த்தார்.

அந்த நீட்டிப் பார்த்த கைதான் அரசின் கண்ணில் உறுத்தியது. கொஞ்ச காலமாகவே அவர் கவனித்துவருகிறார். பாய் எதையும் எட்ட வைத்துத்தான் பார்க்கிறார். போன மாதம் கீழே விழுந்த ஒரு சின்னக் கிளிப்பைத் தேடியபோது, காலடியில் கிடந்தது அவருக்குத் தெரியவில்லை. இதையெல்லாம் அரசு மனத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார். அடுக்கியதை இறக்கி வைக்க ஒரு நாள் வேண்டியிருந்தது, அன்றைக்கு வாய்த்துவிட்டது.

“பாய், கண்ணு சரியா தெரியலன்னா வாயத் தெறந்து சொல்லிடுங்க. இது மத்தவங்க உசுரு. சீல் கோணலா உட்கார்ந்தா ஒழுகாம என்ன செய்யும்?”

ஜபருல்லா நிமிர்ந்தார். “கோணலா இல்ல அரசு. தடவித்தான் வச்சேன்.”

“தடவி வைக்கிறதா? பார்த்து வைக்கணும் பாய். இனிமே இஞ்சின் வேலைய நான் பார்த்துக்கிறேன். நீங்க முன்னால கவுண்டர்ல உட்காருங்க.”

ரூபினி சப்பாத்தை மெதுவாக எடுத்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். பெரியவர்கள் சண்டையை இளையவர்கள் பார்க்கக் கூடாது என்கிற நாகரிகம் அந்தப் பெண்ணுக்கு இருந்தது. ஜபருல்லா பழந்துணியால் கைவிரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். துடைத்த துணியை மடித்து வைத்தார். அழுக்குத் துணியை யாரும் மடிப்பதில்லை. அதைப் பார்த்தபோதே, சொன்னது கொஞ்சம் அதிகப்படி என்று அரசுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வேறு வண்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் பாய் வரவில்லை. போன்தான் வந்தது. அக்காள் மகன் ஐமான், கடலுக்கு அக்கரையில் மாக் மண்டின் என்ற இடத்தில் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான், ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லையாம், கொஞ்ச நாள் அங்கே இருக்கப் போகிறாராம். குரலில் கோபம் இல்லை. சண்டை போட்டிருந்தால் அரசு பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். “சரிலா பாய், பார்த்துக்குங்க” என்றார். போனை வைத்த பிறகு, கடை ஒரே நாளில் பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது.

ரூபினியின் வண்டியை அவரே பிரித்தார். அவரும் சாமானியப்பட்ட ஆள் இல்லை. இடது மூடியைக் கழற்றி, இழுப்பான் போட்டு மேக்னெட்டை உருவி, உள்ளே காயில் தட்டையும் எடுத்தார். பாய் வைத்த சீல் தெரிந்தது. டார்ச் அடித்து, முழங்காலிட்டு, தலையைச் சாய்த்துப் பார்த்தார். கோணல் தெரியும் என்று எதிர்பார்த்தார். உண்மையைச் சொன்னால், ஆசைப்பட்டார். சீல் விளிம்போடு விளிம்பாக, ஒரு மயிரிழைகூடப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. அதன் உதட்டு ஓரம் மட்டும் உள்ளேயிருந்து யாரோ தள்ளியதுபோல் வெளிப்பக்கம் பிதுங்கியிருந்தது.

அங்கேயே யோசித்திருக்கலாம். ஆனால் ஒருவர்மேல் குற்றத்தை ஏற்றிவிட்டால் இஞ்சினைப் பார்க்கிற கண் போய்விடுகிறது. வைத்தது சரியாக இருந்தால் சரக்கு மட்டம் என்று முடிவு கட்டினார். பழைய சீலைப் பக்குவமாக நெம்பி எடுத்தார். தண்டில் நகத்தால் கீறிப் பார்த்தார், பள்ளம் இல்லை. வேறு கடையிலிருந்து வாங்கிவந்த புதிய சீலின் உதட்டில் கிரீஸ் தடவி, ஸ்பிரிங் உள்ள பக்கத்தை உள்நோக்கி வைத்து, அளவான குழாய்த் துண்டால் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினார். டார்ச்சில் பார்த்தார். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்த்துக்கொண்டார். யாரிடம் காட்டுவதற்கு என்று அவருக்கே தெரியாது.

“இனிமே ஒரு சொட்டு வராது பாரு” என்று சொல்லித்தான் ரூபினியிடம் சாவியைக் கொடுத்தார்.

வாரம் முடிவதற்குள் ரூபினி வந்து நின்றாள். இந்தத் தடவை சப்பாத்தைக் கழற்றவில்லை. இடது காலைப் பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, கணுக்காலில் ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். சந்தில் போகிறவர்கள் எல்லாம் அந்தக் காலைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

“அண்ணே,” என்றாள் தயங்கித் தயங்கி, “இது நீங்க போட்டதுதானே?”

குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அரசு ரூபினியை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வண்டிக்கு முன்னால் குந்தினார். மூன்று சீல், இரண்டு பேர் கை, ஒரே கசிவு. அப்படியென்றால் சீல்மேல் குற்றம் இல்லை. உள்ளேயிருந்து எதுவோ அதைத் தள்ளுகிறது. இது இந்தத் தொழிலில் நேற்று நுழைந்தவனுக்கும் தெரியும். பிஸ்டன் இறங்கி ஏறும்போது இஞ்சினுக்குள் காற்று அழுந்தும். அந்தக் காற்று வெளியேற ஒரு ரப்பர் குழாய் உண்டு, பிரீதர் என்பார்கள். இஞ்சின் மூச்சு விடும் குழாய் அதுதான். அது அடைபட்டால் காற்று வேறு வழி தேடும், இருப்பதிலேயே இளகிய இடத்தை நெட்டித் தள்ளும். அந்த இளகிய இடம்தான் சீல்.

குழாயை வெளியே தடவிப் பார்த்தார். மடங்கவில்லை, நசுங்கவில்லை. அதன் மறுமுனை காற்று வடிகட்டிப் பெட்டிக்குள் போய்ச் செருகியிருந்தது. அந்தப் பெட்டியின் திருகாணிகளில் குங்குமம் காய்ந்து ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் அரசுக்கு ஆயுத பூஜை நாள் நினைவுக்கு வந்தது.

ஆயுத பூஜைக்கு வாடிக்கையாளர்களின் வண்டிகளைக் கடையில் கழுவிப் பொட்டு வைத்து வரிசையாக நிறுத்துவது ஒவ்வோர் ஆண்டும் நடப்பது. பாய் அன்றைக்கு விடுமுறை எடுத்துக்கொண்டு, பூஜை முடிந்த பிறகு சுண்டலுக்கு மட்டும் தலையைக் காட்டுவார். கழுவுவது முழுக்க அரசின் பொறுப்பு. சாமிக்கு முன்னால் நிற்கிற வண்டியில் சந்து பொந்தில்கூட அழுக்கு இருக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். வடிகட்டிப் பெட்டியையே கழற்றிவிட்டுத்தான் தண்ணீர் பீய்ச்சுவார். திறந்து கிடக்கும் பிரீதர் குழாய்க்குள் தண்ணீர் போகாமலிருக்க ஒரு துணித் துண்டைத் திணிப்பார், கழுவியதும் எடுத்துவிடுவார். அன்றைக்கு ரூபினிக்கு ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது, பூசாரிக்கு இன்னும் இரண்டு கடை பாக்கி. “சீக்கிரம் கொண்டாங்க அரசு” என்று அவர் மணியை ஆட்ட, இவர் பெட்டியை மூடி, பொட்டு வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, வண்டியை நகர்த்தினார்.

இப்போது அரசு பெட்டியைத் திறந்தார். குழாயைப் பிடுங்கி வாயில் வைத்து ஊதினார். போகவில்லை. கம்பியை வளைத்து உள்ளே விட்டுக் கொக்கி போட்டு இழுத்தார். முதலில் வரமாட்டேன் என்றது, பிறகு வந்தது. சாமி படத்துக்குச் சாத்த வாங்கிய துணியில் மிஞ்சிய துண்டு. ஆயிலில் ஊறிக் கருத்திருந்தாலும் ஒரு மூலையில் மஞ்சள் அப்படியே இருந்தது.

அரசு அதைக் கைக்குள் பொத்திக்கொண்டு வாசலைப் பார்த்தார். ரூபினி போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. துணியைக் குப்பைத் தொட்டியில் போட்டால் கதை முடிந்தது. சரக்கு மட்டம், இப்போது நல்ல சீல் கிடைத்தது என்று சொல்லிவிடலாம். வண்டி ஓடும். பாய் மாக் மண்டினிலேயே இருந்துவிடுவார். அவருக்கும் வயதாகிறது, நிழலில் உட்கார்ந்த வேலை நல்லதுதானே என்றுகூட மனம் வக்கணையாக எடுத்துக் கொடுத்தது. அந்த வக்கணையைக் கேட்டு அரசுக்கே அருவருப்பாக இருந்தது. துணியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“என் மோட்டோவ எடுத்துட்டு வேலைக்குப் போம்மா. உன்னோடது இங்க கெடக்கட்டும். நாளைக்கு வா” என்று ரூபினியை அனுப்பிவிட்டுக் கடையைப் பூட்டினார்.

அக்கரைக்குப் பெர்ரிப் படகில் போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, பாயிடம் சொல்ல வேண்டியதைக் கோத்துப் பார்த்தார். கரையை விட்டு நகர்ந்தபோது, ‘தப்பு என்னோடது பாய்’ என்றுதான் தொடங்கியது. நடுக்கடல் வந்தபோது, ‘நாம ரெண்டு பேருமே கவனிக்காம விட்டுட்டோம்’ என்று ஆகியிருந்தது. பட்டர்வொர்த் கரை தெரிந்தபோது, ‘ரெண்டு தடவை பிரிச்சீங்களே பாய், பிரீதர ஒரு தடவை பார்த்திருக்கக் கூடாதா’ என்பதில் வந்து நின்றது. இன்னும் கொஞ்சம் அகலமான கடலாக இருந்திருந்தால் பாயை மன்னித்தே விட்டிருப்பார்.

ஐமானின் கடை மாக் மண்டினில் இரும்புக் கூரை போட்ட ஒரு கொட்டகை. “மாமா ஸ்டோர்ல இருக்காரு, போங்கண்ணே” என்று ஐமான் பின்பக்கம் கையைக் காட்டினான். அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே ஜபருல்லா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். கூப்பிட வாயெடுத்த அரசு நின்றுவிட்டார்.

பாயின் மடியில், உடைசலாகப் போட்டிருந்த ஒரு இஞ்சினின் பாதிக் கூடு இருந்தது. அதில் ஒரு சீலைப் பொருத்தி, குழாய்த் துண்டால் தட்டி இறக்கினார். கட்டைவிரலை விளிம்பைச் சுற்றி ஓட்டினார். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார், ஏற்றிப் பார்த்தார். பிறகு சீலை நெம்பி எடுத்தார். மறுபடி வைத்தார். மறுபடி விரலை ஓட்டினார். பக்கத்தில், வைத்து எடுத்து வீணான சீல்கள் ஒரு குவியலாகக் கிடந்தன. தன் கையைத் தானே சோதித்துக்கொண்டிருந்தார்.

கடலில் கோத்து வைத்ததெல்லாம் அரசுக்கு உதிர்ந்துவிட்டது. போய் முன்னால் நின்று, பையிலிருந்த துணியை எடுத்து அந்தக் கூட்டின்மேல் வைத்தார்.

“பிரீதர்ல இருந்துச்சு பாய். பூஜை அன்னிக்கு நான் திணிச்சது. எடுக்க மறந்துட்டேன்.”

ஜபருல்லா துணியை விரித்தார். மஞ்சள் மூலையைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

“அப்போ என் சீலு?”

“சரியாத்தான் இருந்துச்சு. நான் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒரு நூல் பிசகல. நான் போட்டதும்தான் ஒழுகிடுச்சு.”

ஜபருல்லா கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை இழுத்து விட்டார். “கண்ணு எட்ட வச்சாத்தான் காட்டுது அரசு, அது உண்மைதான்” என்றார். “ஆனா இந்த வேலைக்குக் கை போதும்னு நெனச்சேன். நீ சொன்ன பிறகு கை மேலயும் சந்தேகம் வந்துருச்சு. ஒன்ன வைப்பேன், சரியா இருக்கும். ஆனா சரிதான்னு நம்ப முடியல. திரும்ப எடுப்பேன்.”

அரசு பதில் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் மனிதன் கடைசிப் பிடியை மட்டும் விடமாட்டான். “நீங்க பிரீதரப் பார்க்கலையா பாய்?” என்று கேட்டுவிட்டார்.

“வெளியில பார்த்தேன். ஓஸ் குழாய் மடங்கல. ரெண்டாவது தடவை ஒழுகினப்போ பெட்டியத் தெறக்கலாம்னு ஸ்குரூகிட்ட கை போச்சு.” ஜபருல்லா துணியை மடித்தார். “குங்குமம் இருந்துச்சு. நீ மூடின பெட்டி. அரசு மூடினதுல தப்பு இருக்காது, என் கையிலதான் எதோ ஆயிடுச்சுன்னு விட்டுட்டேன்.”

அரசுக்கு அழுகை வந்தது. பாய் தன்மேல் குற்றத்தைப் போட்டுக்கொண்டாரே தவிர இவர் மூடியதைத் தொடவில்லை. இவரோ ஒரு சப்பாத்து நனைந்ததற்கு அவர் கண்ணையும் கையையும் ஒரே மூச்சில் பறித்து, அவரைக் கவுண்டருக்குப் போகச் சொன்னார். அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஐமான் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான்.

“வாங்க பாய். வண்டி பிரிச்ச மேனிக்குக் கெடக்கு.”

“வரேன்” என்றார் ஜபருல்லா. “ஆனா அன்னிக்கு அந்தப் பொண்ணு முன்னாடி சொன்ன. இதையும் அந்தப் பொண்ணு முன்னாடி சொல்லணும்.”

“சொல்றேன்.”

மறுநாள் காலை ரூபினி வந்தபோது இருவரும் வாசலில் நின்றார்கள். அரசு சுற்றி வளைக்கவில்லை. துணியைக் காட்டி, என்ன ஆனது என்று தொடக்கத்திலிருந்து சொன்னார். பாய்மேல் தப்பில்லை, தான் பேசியதுதான் தப்பு என்றும் சொன்னார். ரூபினி முழுவதையும் கேட்டாள். கொஞ்சம் யோசித்தாள்.

“அப்போ பாலத்துல என்னைய வழுக்கி விட்டது நீங்கதானா அண்ணே?”

பாயிடம் ‘மத்தவங்க உசுரு’ என்று தான் உரக்கச் சொன்னது அரசுக்கு நினைவு வந்தது. “நான்தாம்மா” என்றார்.

ரூபினி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்று அரசுக்கு இருந்தது.

ஜபருல்லா புதிய சீலை வைத்தார். முதல் தட்டுக்கு முன் கை கொஞ்சம் நின்றது. பிறகு தட்டினார். விரலை ஒரு சுற்று ஓட்டினார், நெம்பி எடுக்கவில்லை. காயில் தட்டு, மேக்னெட், மூடி எல்லாம் தத்தம் இடத்துக்குப் போயின. அரசு பிரீதர் குழாயை ஊதிப் பார்த்துச் செருகி, வடிகட்டிப் பெட்டியை மூடித் திருகாணிகளை இறுக்கினார். வேலை முடிந்தது என்று எழுந்தார்.

ஜபருல்லா எழவில்லை. திருப்புளியை எடுத்து, அரசு இப்போதுதான் இறுக்கிய திருகாணியில் வைத்துத் திருப்பினார். கேட்கவில்லை, ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒன்றைக் கழற்றித் தரையில் வைத்தார், அடுத்ததற்குப் போனார்.

இத்தனை காலத்தில் அரசு மூடிய ஒன்றை அவர் திறப்பது அதுதான் முதல் தடவை. அரசுக்குச் சுருக்கென்றது. பெட்டி திறந்ததும் ஜபருல்லா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றித் தலையைப் பின்னால் இழுத்தார். உள்ளே இருட்டாக இருந்தது.

அரசு டார்ச்சை எடுத்துவந்து பக்கத்தில் குந்தி, பாய் தனக்குத் தெரிகிற தூரத்திலிருந்தே பார்க்கும்படி வெளிச்சத்தைப் பிடித்தார்.